முதல் பைப்ளேன் கிட்: மேல் இறக்கை ஏறும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்

ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்று சில பிளாஸ்டிக் விமான மாடல் கிட்களை முடித்துவிட்டு, இப்போது எடுவார்ட் நிறுவனத்தின் 1/48 அளவு சாப்வித் கேமலை, அதாவது முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் பைப்ளேனை (இரண்டடுக்கு இறக்கை விமானத்தை), வாங்கி வைத்திருக்கிறீர்கள். மேல் இறக்கை கோணாமல் உட்கார என்ன வழி, கம்பிகளை எதை வைத்துக் கட்டுவது, கட்டாமலே விட்டால் குற்றமா, பி.சி.10 என்கிற நிறம் பச்சையா பழுப்பா, இந்தியர் யாராவது கேமல் ஓட்டியிருக்கிறார்களா. இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, முதல் பைப்ளேனுக்கு இது சரியான தேர்வுதானா என்ற சந்தேகமும் இருக்கிறது. கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம்.

என்னிடம் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஃபோக்கர் டி.7 என்று சொல்லியிருப்பேன். அதன் இறக்கைகள் தடிமனானவை, உள்ளே உள்ள மரச்சட்டமே பாரத்தைத் தாங்கிவிடும். அதனால் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே கம்பியே கிடையாது. சக்கரக்காலில் கொஞ்சம், கட்டுப்பாட்டுக் கேபிள்கள் கொஞ்சம், அவ்வளவுதான். 1918 போர்நிறுத்த நிபந்தனைகளில் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது இந்த டி.7. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான டி.7-களின் மேல் லாசெஞ்ச் எனப்படும் பலகோண வண்ணத் துணி போர்த்தியிருக்கும். அதை டீக்காலாக (நீரில் நனைத்து ஒட்டும் படமாக) வெட்டி வெட்டி இறக்கை முழுக்க ஒட்டுவது தனி யாகம். கம்பியில் மிச்சமாகிற நேரம் அதில் போய்விடும். ஒரே நிறம் பூசிய டி.7 அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அது சுலபமான கிட்.

கேமல் நடுத்தரமானது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஜோடி ஸ்ட்ரட், அதாவது இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே நிற்கும் தாங்குகால். பி.இ.2சி மாதிரி இரண்டு ஜோடி இருந்தால் கம்பியும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆகவே கேமலையே செய்யுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஸ்பிட்ஃபயர் கட்டிய வரிசையில் இதைக் கட்டக் கூடாது.

ஸ்பிட்ஃபயரில் காக்பிட், உடல், இறக்கை என்று ஒட்டிவிட்டு, பிறகு முழு விமானத்துக்கும் பெயிண்ட் அடித்து, டீக்கால் போடுவோம். பைப்ளேனில் மேல் இறக்கை ஏறிவிட்டால் அதன் அடிப்பகுதிக்கும் கீழ் இறக்கையின் மேல்பகுதிக்கும் உங்கள் ஏர்பிரஷ் போகாது, விரல் போகாது, மாஸ்கிங் டேப் போகவே போகாது. எனவே உடலும் கீழ் இறக்கையும் வாலும் ஒரு துண்டு, மேல் இறக்கை ஒரு துண்டு, ஸ்ட்ரட்டுகள் தனித்தனி. இவை எல்லாவற்றிலும் பெயிண்ட், டீக்கால், வார்னிஷ், அழுக்குப்பூச்சு முழுக்க முடிந்து, கம்பிக்கான துளைகளும் போட்டான பிறகுதான் இணைக்க வேண்டும். கிட்டின் குறிப்புத்தாள் பல நேரங்களில் இதைச் சொல்வதில்லை. மூன்றாவது பக்கத்திலேயே மேல் இறக்கையை ஒட்டச் சொல்லிவிட்டு, கம்பி வரைபடத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வரைபடம் குழப்பாது. பந்தல்காலை நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டுவதைப் போன்றதுதான் இந்த அமைப்பு. மரமும் துணியுமாக இருக்கும் இறக்கை தனியாக நிற்காது, கம்பியின் இழுவையில்தான் நிற்கிறது. பறக்கும்போது காற்று இறக்கைகளை மேல்நோக்கித் தள்ளும். அதைப் பிடித்துக்கொள்வது உடலின் அடிப்பக்கத்திலிருந்து வெளியே, ஸ்ட்ரட்டின் மேல் நுனிக்குப் போகும் கம்பி. இது பறப்புக் கம்பி. தரையில் நிற்கும்போது இறக்கையின் பாரம் கீழ்நோக்கி இழுக்கும். அதைத் தாங்குவது நடுவில் உடலையும் மேல் இறக்கையையும் இணைக்கும் கேபேன் ஸ்ட்ரட்டின் உச்சியிலிருந்து வெளிப்பக்க ஸ்ட்ரட்டின் அடிக்கு இறங்கும் கம்பி. இது தரைக் கம்பி. முன் ஸ்ட்ரட்டுக்கும் பின் ஸ்ட்ரட்டுக்கும் இடையே பெருக்கல் குறி மாதிரி போகும் இரண்டு, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். பறப்புக் கம்பிகள் அறுந்தால் ஆள் காலி என்பதால் கேமல் உட்படப் பல பிரிட்டிஷ் விமானங்களில் அவை இரட்டையாக, பக்கத்துப் பக்கத்தில் ஓடும். தரைக் கம்பி ஒற்றை. இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாகக் காட்டிவிட்டாலே பார்க்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் விமானங்களில் போரின் பிற்பாதியில் வந்தவை உருண்டைக் கேபிள் அல்ல. காற்று எதிர்ப்பைக் குறைக்கத் தட்டையாக, இரு ஓரமும் மெலிந்து வரும் எஃகுக் கம்பி. ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியில் உருவானதால் ராஃப் வயர் என்று பெயர். ஜெர்மன், பிரெஞ்சு விமானங்களில் முறுக்குக் கேபிளும், அதை இறுக்குகிற டர்ன்பக்கிளும் இருக்கும். கேமலுக்கு டர்ன்பக்கிள் சரங்களாக வாங்கி மாட்டுவது காசுக்கும் கேடு, சரியும் அல்ல.

சரி, துளைகள். பின் வைஸில் (விரலால் சுழற்றும் சிறு துளைப்பான்) 0.3 மில்லிமீட்டர் பிட் மாட்டிக்கொள்ளுங்கள். துளை வரவேண்டிய இடத்தில் முதலில் ஊசியால் ஒரு குழி அழுத்தினால்தான் பிட் வழுக்காது. கம்பி எந்தச் சாய்வில் போகுமோ அதே சாய்வில் துளையும் போக வேண்டும். நேராகத் துளைத்தால் நூல் வாயிலேயே மடங்கித் தெரியும். மேல் இறக்கையின் அடிப்பக்கத்தில் பாதித் தடிமன் வரை போதும், மறுபக்கம் வரக் கூடாது. பிளாஸ்டிக் எங்கே தீர்கிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. அதனால் பிட்டில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி மீதியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இவை எல்லாம் பெயிண்ட்டுக்கு முன்னால். பெயிண்ட் அடித்த பிறகு அதே பிட்டை ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் சுழற்றி எடுத்தால் அடைப்பு போய்விடும். ஸ்ட்ரட் உட்காரும் குழிகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும். உள்ளே பெயிண்ட் இருந்தால் பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது, ஸ்ட்ரட்டும் முழுதாக இறங்காது. ஒரு குழியில் அரை மில்லிமீட்டர் பெயிண்ட் நின்றால், இறக்கை நுனியில் அது கண்ணுக்குத் தெரியும் கோணலாக வந்து நிற்கும்.

இப்போது மேல் இறக்கை. கேமலில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உற்பத்தியைச் சுலபமாக்குவதற்காக சாப்வித் நிறுவனம் மேல் இறக்கையைத் தட்டையாகவே வைத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கீழ் இறக்கையை நன்றாக மேல்நோக்கிச் சாய்த்தது. கீழ் இறக்கையின் சாய்வு 5 டிகிரி. 1/48-இல் கணக்குப் போட்டால் இறக்கை வேரைவிட நுனி சுமார் 7 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இந்த உயரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று கீழ் இறக்கையை ஒட்டும்போதே பார்த்துவிடுங்கள். நுனிகளுக்கு அடியில் ஒரே தடிமனுள்ள அட்டைகளை அடுக்கி ஒரு இரவு அப்படியே விடுங்கள். பலர் மேல் இறக்கை கோணிவிட்டது என்று புலம்புவார்கள். பெரும்பாலும் கோணியது கீழ் இறக்கைதான், மேலே இருப்பது அதைக் காட்டிக்கொடுக்கிறது.

மேல் இறக்கை தட்டை என்பதால் அதைத் தலைகீழாக ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைக்கலாம். கேபேன் ஸ்ட்ரட்டுகளை முதலில் உடலில் நிறுத்தி, பசை முழுக்க இறுகும் முன் விமானத்தைக் கவிழ்த்து அந்த இறக்கையின் மேல் இறக்குங்கள். ஸ்ட்ரட் நுனிகள் தாங்களாகவே தங்கள் குழிகளைத் தேடிக்கொள்ளும். அப்புறம் வெளிப்பக்க ஸ்ட்ரட்டுகளை லேசாக வளைத்துச் செருகலாம். இந்தக் கட்டத்தில் ஃபெவிகுவிக்கைக் கிட்டவே வைத்துக்கொள்ளாதீர்கள். அது பிடித்த பிடியை விடாது, திருத்த நேரம் தராது. சாதாரண பிளாஸ்டிக் சிமென்ட் பத்து நிமிடமாவது அசைக்க விடும். அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை: முன்னாலிருந்து பார்த்தால் மேல் இறக்கையும் வாலின் கிடைத்தகடும் இணையாகத் தெரிகிறதா. மேலிருந்து பார்த்தால் இறக்கை ஒரு பக்கம் முன்னே தள்ளியிருக்கிறதா. இதற்கு ஒரு நூல் போதும். வாலின் கடைசிக் கம்பத்தில் ஒரு முனையைப் பிடித்து, இடது நுனி வரை இழுத்து, பேனாவால் ஒரு குறி. அதே நூலை வலது நுனிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். குறி அங்கேயே விழுந்தால் சரி. வெறும் கண்ணை நம்புவதைவிட இது மேல்.

கம்பிக்கு என்ன நூல்? அசல் கம்பி சுமார் 5, 6 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 1/48-இல் அது 0.1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எனவே 0.10, 0.12 தூண்டில் நரம்பு கிட்டத்தட்ட சரியான அளவு. 1/72-க்கு 0.06, 0.08 வேண்டும். தையல் நூல் வேண்டவே வேண்டாம். அதில் எழும் மயிர்ப்பிசிறு இந்த அளவில் கயிற்றுக்கட்டில் கயிறாகத் தெரியும், ஈரப்பதத்தில் தொங்கவும் செய்யும்.

நரம்பா, இழுபடும் எலாஸ்டிக் நூலா என்பது அவரவர் கை. ஈஸி லைன், இன்ஃபினி போன்ற பெயர்களில் வரும் மெல்லிய எலாஸ்டிக் நூல் ஆரம்பத்துக்கு நல்லது. ஒரு முனையைத் துளையில் ஒரு சொட்டுப் பசையோடு வைத்து, மறு முனையைத் தேவையைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, ட்வீசரால் இழுத்து எதிர்த் துளையில் வைத்தால் முடிந்தது. தானாகவே விறைப்பாக நிற்கும். பிற்பாடு கை பட்டாலும் வளைந்து கொடுத்துத் திரும்பிவிடும். அதன் இழுவை மிகக் குறைவு என்பதால் இறக்கையை வளைக்காது. நரம்பு வேறு மாதிரி. அது மாடலுக்கே பலம் தரும். அசல் விமானத்தில் கம்பி செய்த வேலையை இங்கேயும் செய்யும். ஆனால் ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் கஷ்டப்பட்டு நேராக்கிய இறக்கை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

நரம்பு கட்டும் முறை இது. மேல் இறக்கையை ஏற்றுவதற்கு முன்பே அதன் அடியில் உள்ள ஒவ்வொரு துளையிலும் ஒரு துண்டு நரம்பை ஒட்டித் தொங்கவிடுங்கள். இறக்கையைக் கவிழ்த்து ஏற்றப் போகிறீர்கள் என்றால் நரம்புகளை வெளிப்பக்கமாக மடக்கி டேப்பால் பிடித்து வையுங்கள், அடியில் சிக்கினால் இறக்கை கண்ணாடியில் தட்டையாக உட்காராது. இந்த முறையில் கீழ் இறக்கையின் துளைகள் மட்டும் மறுபக்கம் வரை போயிருக்க வேண்டும். இணைப்பு நன்றாக இறுகிய பிறகு ஒவ்வொரு நரம்பையும் அதற்குரிய துளை வழியாக அடிப்பக்கம் எடுத்து, நுனியில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டால், அந்த எடையே நரம்பை நேராக்கும். இடது பக்கம் ஒன்று தொங்கினால் வலது பக்கமும் அதே நேரத்தில் ஒன்று தொங்க வேண்டும். ஊசி நுனியில் எடுத்த பசையை அடித்துளையில் தொட்டு, காய்ந்ததும் புது பிளேடால் ஒட்ட அறுத்து, மேலே ஒரு துளி பட்டியும் பெயிண்ட்டும். கொஞ்சம் தளர்ந்துபோன நரம்பு இருந்தால், பற்றவைத்து அணைத்த ஊதுபத்தியின் கனலும் நுனியை நரம்பில் படாமல் அருகே கொண்டுபோனால் சுருங்கி விறைக்கும். ஒரு விநாடி அதிகமானால் அறுந்துவிடும், அதற்கு உதிரி நரம்பில் கை பழகிக்கொள்ளுங்கள்.

வரிசை எப்போதும் நடுவிலிருந்து வெளியே. கேபேன் ஸ்ட்ரட்டுகளுக்கு இடையே உள்ள குறுக்குக் கம்பி முதலில், அப்புறம் தரைக் கம்பி, பறப்புக் கம்பி, வெளிப்பக்க ஸ்ட்ரட்டுகளின் பெருக்கல் குறி, கடைசியில் வாலுக்குப் போகும் கேபிள்கள். வெளியே முதலில் கட்டிவிட்டால் உள்ளே போகிற ட்வீசர் அதை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போகும். நிறம் கறுப்பு அல்ல, எஃகு. வெள்ளி நிற மார்க்கர் முனையின் வழியாக நரம்பை இழுத்து எடுத்தால் போதும்.

கட்டாமலே விட்டால் என்ன? 1/72-இல் சின்ன விமானங்களில் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு, பார்க்கவும் மோசமில்லை. 1/48 கேமலில், என் அபிப்பிராயத்தில், கட்டாவிட்டால் விமானம் முடிக்காத வீடு மாதிரிதான் இருக்கும். எல்லாவற்றையும் கட்ட அலுப்பாக இருந்தால் தரை, பறப்புக் கம்பிகளை மட்டும் கட்டுங்கள், மற்றதை விடுங்கள். கண் தேடுவது அவற்றைத்தான்.

நிறத்துக்கு வருவோம். பி.சி.10 என்பது துணியின் மேல் பூசும் வார்னிஷில் மஞ்சள் காவி நிற இரும்பு ஆக்சைடும் விளக்குக் கரியும் கலந்த பூச்சு. நோக்கம் மறைந்துகொள்வது மட்டுமல்ல, வெயிலிலிருந்து லினன் துணியைக் காப்பதும்தான். காவியோடு கரி சேர்ந்தால் பச்சைச் சாயல் வரும், விகிதம் மாறினால் சாக்லேட் பக்கம் போகும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, வெயிலுக்கு வெயில் மாறியது. ஆகவே பச்சையா பழுப்பா என்ற சண்டைக்கு இரண்டு தரப்பும் சரி. டமியா எக்ஸ்.எஃப்-62 ஆலிவ் டிராபில் கொஞ்சம் சிவந்த பழுப்பைச் சேர்த்து, உங்கள் கண்ணுக்குக் காக்கிப் பழுப்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் சாயமில்லாத லினன். அதை வெள்ளையாக அடித்தால் பொம்மையாகிவிடும். எக்ஸ்.எஃப்-55 டெக் டேனில் வெள்ளை கலந்த வெளிர் கிரீம் சரியாக இருக்கும். இறக்கையின் விலா எலும்புகள் இருக்கும் இடத்தில் முதலில் மெல்லிய பழுப்புக் கோடுகள் அடித்துவிட்டு மேலே கிரீமை மிக நீர்த்துப் பூசினால், வெளிச்சம் துணி வழியாக ஊடுருவுகிற தோற்றம் வரும்.

கேமலின் உடல் மூன்று பொருள்களால் ஆனது. முன்னால் உலோகத் தகடு, காக்பிட்டைச் சுற்றி பிளைவுட், பின்னால் துணி. மூன்றுக்கும் ஒரே பளபளப்பு வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். உலோகம் கொஞ்சம் மினுங்கட்டும், துணி சாட்டின். மழைக்காலத்தில் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், ஒரு நல்ல வெயில் நாளுக்குக் காத்திருங்கள்.

மர வேலைப்பாடுதான் இந்தக் காலத்து விமானங்களில் எனக்குப் பிடித்த பகுதி. ப்ரொப்பெல்லருக்கு முதலில் வெளிர் மணல் நிறத்தை நன்றாகக் காயவிடுங்கள். குழாயில் வரும் பர்ன்ட் அம்பர் ஆயில் பெயிண்ட்டைப் பட்டாணி அளவு ஒரு அட்டையில் வைத்து ஒரு மணி நேரம் விட்டால் எண்ணெயை அட்டை குடித்துவிடும். மீதியை மெல்லிசாகப் பூசி, முரட்டுத் தூரிகையை ஒரே திசையில், கையை எடுக்காமல் இழுத்தால் தூரிகை மயிரின் தடமே மர ரேகையாக நிற்கும். பிடிக்கவில்லையா, டர்பன்டைனில் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். காய இரண்டு மூன்று நாள் ஆகும், தூசி படாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். பல கேமல்களில் ஸ்ட்ரட்டுகளும் வார்னிஷ் அடித்த மரமாகவே இருந்தன, அவற்றுக்கும் இதே முறை, கொஞ்சம் வெளிறிய நிறத்தில்.

அழுக்கு வைப்பதிலும் ஒரு தர்க்கம் உண்டு. கேமலில் இருந்தது ரோட்டரி எஞ்சின். ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினே முழுதாகச் சுழலும். அதற்கு ஊற்றியது விளக்கெண்ணெய். பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தார்கள். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது, புகையோடு வெளியே தெறித்துவிடும். விமானிகளின் முகத்திலும் மூக்கிலும் அதுதான். அவர்கள் வயிறு என்ன பாடுபட்டது என்று நம் பாட்டிமார்களுக்கு விளக்கவே தேவையில்லை. எனவே கேமலுக்குக் கறுப்புப் புகைக்கோடு போடாதீர்கள். எஞ்சின் மூடிக்குப் பின்னால், உடலின் அடிவயிற்றில், பளபளப்பு வார்னிஷில் ஒரு துளி பழுப்பு கலந்து பின்னோக்கி இழுத்துவிடுங்கள். ஈரமாகத் தெரிய வேண்டும், அழுக்காக அல்ல.

உங்கள் கிட்டில் துப்பாக்கிக்கும் சீட் பெல்ட்டுக்கும் எட்ச் செய்த பித்தளைத் துண்டுகள் இருந்தால், உருட்டி வளைக்க வேண்டியதை மட்டும் ஒருமுறை தீயில் காட்டிச் சிவக்கவிட்டு ஆறவிடுங்கள். பித்தளை இளகி, பிட்டின் தண்டில் வைத்து உருட்டினால் முறுக்காமல் சுருளும்.

கடைசிக் கேள்வி. ஆமாம், ஓட்டியிருக்கிறார். ராவல்பிண்டியைச் சேர்ந்த ஹர்தித் சிங் மாலிக் 1917-இல் 28-ஆம் ஸ்குவாட்ரனில் கேமல் ஓட்டினார், கனடாவின் வில்லியம் பார்க்கருக்குக் கீழே. தலைப்பாகைக்கு மேல் மாட்டப் பெரிய ஹெல்மெட் ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டார். அக்டோபர் 1917-இல் வான்சண்டையில் காலில் குண்டடி பட்டும் பிழைத்து, பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராக கனடாவிலும் பிரான்சிலும் இருந்தார். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் ஓட்டியது கேமல் அல்ல, இன்னொரு பிரிட்டிஷ் பைப்ளேனான எஸ்.இ.5ஏ. 40-ஆம் ஸ்குவாட்ரனில் 1918 ஜூலையில் சில நாட்களுக்குள் பத்து வெற்றிகள், அதே மாதம் 22-ஆம் தேதி மரணம், வயது 19. கேமல் கை கொடுத்தால் அடுத்து எஸ்.இ.5ஏ எடுங்கள். கம்பிகள் கொஞ்சம் கூடுதல், மேல் இறக்கைக்கும் சாய்வு உண்டு என்பதால் கண்ணாடித் தந்திரம் அதில் அப்படியே செல்லாது, கவிழ்த்த இறக்கையின் நடுப்பகுதிக்கு அடியில் அட்டை வைத்துத்தான் செய்ய வேண்டும்.